சூலூர் ஆஸ்பத்திரியின் இரண்டு ஜெனரேட்டர்கள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்று சூலூரில் டாக்டர் சைத்ராவின் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன மாதம் கரண்ட் இல்லாத நேரத்தில், சிசேரியன் நடுவே தியேட்டர் ஜெனரேட்டர் நின்றுவிட்டதாம். செல்போன் வெளிச்சத்தில் தையல் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு ஜெனரேட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது வார்டுக்கு மட்டும்.

"ரெண்டையும் சேர்த்து ஓட்டி, லோடைப் பங்கு போட்டுக்க வைக்கலாங்க. ஒன்னு நின்னா இன்னொன்னு தாங்கும்" என்றேன்.

"எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நிறுத்திக் காட்டோணுங்க."

காட்டுவேன்.

ஜூன் 4

ரைஹானுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. என் கணவர்; மின் பேனல் செய்யும் எங்கள் கடையில் கூட்டாளியும் அவர்தான். "நாம வழக்கமா செய்யற மில்லுல தப்பாப் போனா நூல் அறும். ஆஸ்பத்திரியில?"

அதனால்தானே செய்ய வேண்டும்? தெரிந்தவள் ஒதுங்கிக்கொண்டால் யார் செய்வது?

ஜூன் 12, வியாழன்

இரண்டில் சின்னதான பழைய எஞ்சினில் எலெக்ட்ரானிக் கவர்னர் மாட்டியாயிற்று. சக்கரத்தின் வேகத்தை சென்சார் சொல்லும். வேகம் குறைந்தால் கவர்னர் டீசலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். பெரிய, புது எஞ்சினில் அது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் பேசிக்கொண்டால் அதனதன் பலத்துக்கு ஏற்ப லோடு பிரியும்.

ஜூன் 14, சனி

பேசிக்கொள்ளவில்லை.

சேர்த்ததும் பழையது ஏறி இறங்கிக் கத்தியது. விளக்கெல்லாம் துடித்தது. புதியது மொத்த லோடையும் இழுத்துக்கொண்டு, பழைய எஞ்சினையும் சேர்த்துச் சுற்றப் பார்த்தது. கட்டுப்பாட்டுப் பேனல் உடனே இரண்டையும் பிரித்துவிட்டது. நல்லவேளை, தியேட்டர் காலி.

"பழசை வித்துப்போட்டு வேற வாங்கிக்கறேனுங்க" என்றார் டாக்டர். ரைஹான் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எஞ்சின் மேல் தப்பில்லை. எல்லோரும் போன பிறகு கவர்னரைக் கழற்றிவிட்டு, டீசல் லீவரைக் கையால் அசையாமல் பிடித்து, லோடு கொடுத்துப் பார்த்தேன். ஒரே சீராக ஓடியது. அப்படியென்றால் கவர்னருக்கு யாரோ பொய் சொல்கிறார்கள். யார்?

ஜூன் 15

கண்டுபிடிச்சுட்டேன்! சென்சார் ஒயரை மெயின் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். லோடு ஏறினால் அந்த ஒயரில் இல்லாத வேகமெல்லாம் வருகிறது. கவர்னர் பாவம், கேட்டதை நம்பி டீசலைக் கூட்டிக் குறைத்திருக்கிறது.

"யாருங்க இப்படிக் கட்டினது?"

"நான்தான்" என்றார் ரைஹான். "பார்க்க அழகா இருக்கட்டும்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவருக்கும். கவச உறை உள்ள ஒயரைத் தனிக் குழாயில் அவரே இழுத்தார்.

ஜூன் 21, சனி

இரண்டு எஞ்சினும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் எதை நிறுத்தப்போகிறார் என்று சொல்லவில்லை. நேராகப் போய்ப் பெரிய எஞ்சினின் சிவப்பு பட்டனை அமுக்கினார்.

பழையது ஒரு உறுமல் உறுமியது. கொஞ்சம் தாழ்ந்தது — நிமிர்ந்துகொண்டது. விளக்கு லேசாக மங்கித் தெளிந்தது.

"இன்னொருக்கா நிறுத்தட்டுங்களா?"

"எத்தனை தடவை வேணும்னாலும் நிறுத்துங்க."

ஜூலை 17, வியாழன்

இன்று சூலூரில் கரண்ட் ஷட்டவுன். மத்தியானம் டாக்டரின் போன். குரலில் எரிச்சல்.

"ஏனுங்க யுஸ்ரா, ரிசப்ஷன்ல ஏசி நின்னுபோச்சு. எல்லாரும் சத்தம் போடறாங்க. நான் இப்பத்தான் தியேட்டர்ல இருந்து வாரேன்."

ஒரு எஞ்சின் நின்றால் பேனல் ஏசியை மட்டும் லோடிலிருந்து கழற்றிவிடும்படி நான்தான் அமைத்திருந்தேன்.

"ஜெனரேட்டர் ரூமைப் பார்க்கச் சொல்லுங்க."

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பெரிய எஞ்சின் நின்று கிடக்கிறதாம். எப்போது நின்றது? தெரியாது. அலாரம் அடித்ததாம், தொல்லை என்று வாட்ச்மேன் அமுக்கிவிட்டாராம்.

"தியேட்டர்ல என்ன கேஸுங்க?"

"சிசேரியன்." பிறகு மெதுவாக, "பொண்ணு. மூணு கிலோ. எஞ்சின் நின்னதே தெரியலை, நான் தலை நிமிரவே இல்லீங்க."

நான் போனை வைப்பதற்குள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ரைஹான் நின்ற எஞ்சினைப் பார்க்க டூல்ஸ் பையோடு வண்டியைக் கிளப்பிவிட்டார்.