மூக்குக்கு அகப்படும் பச்சைப் பொத்தானைத் தள்ளி வைக்கக் கோருதல்

அனுப்புநர்:
மூன்றாம் பிரிவு லைன்மேனின் மனைவி,
மின் ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகத் தலைமை அலுவலகம்.

பொருள்: லைன்மேன்களின் செல்போன் செயலியில் பொத்தான்களைத் திருத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கம்பத்தில் ஏறுவார். மேலே வேலை நடக்கையில், "வேலை தொடர்கிறதா?" என்று செயலி அடிக்கடி கேட்கும். 'முடிந்தது' என்று பதில் போனால் கம்பியில் மின்சாரம் தானாக வந்துவிடும். பதிலே சொல்லாவிட்டால் மெமோ வரும்.

2. கம்பத்தின் மேல் ரப்பர் கையுறையைக் கழற்றக் கூடாது என்பது தங்கள் விதி. கையுறை போட்ட விரலைச் செல்போன் மதிப்பதில்லை. ஆகவே லைன்மேன்கள் அனைவரும் செல்போனை முகத்துக்கு நேரே கம்பத்தில் கட்டிவைத்து மூக்கால் அழுத்துகிறார்கள். இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

3. 'தொடர்கிறது' என்பது வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து. உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அதை ஒட்டி உரசிக்கொண்டு 'முடிந்தது' பச்சைப் பசேலென்று, பெரிதாக, வா வா என்று அழைக்கிறது. வடிவமைத்தவரின் ரசனையை நான் குறை சொல்லவில்லை. திரை அழகாகவே இருக்கிறது. வீட்டில் நானும் முயன்று பார்த்தேன். என் மூக்கு அவருடையதைவிடச் சிறியது; எனக்கும் பச்சைதான் அகப்பட்டது.

4. சென்ற வாரம், இரு கையும் கம்பியில் இருக்க, அவர் மூக்கு பச்சையில் பட்டுவிட்டது. "உறுதியா?" என்றுகூடச் செயலி கேட்கவில்லை. நல்லவேளையாக வழக்கம்போல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, செய்தி உடனே போகவில்லை. அது போவதற்குள் அவர் இறங்கிவிட்டார். இதைச் சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னார்.

5. பிரிவு மேற்பார்வையாளரிடம் முறையிட்டேன். "பழகினா சரியாப் போயிடும்மா" என்றார். பழகுவதற்கு ஆள் இருக்க வேண்டும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. 'தொடர்கிறது' என்பதைக் கறுப்பில், பெரிதாக, திரையின் மேல்பாதியில் வைக்கவும். 'முடிந்தது' அடியில், எட்டத்தில் இருக்கட்டும். அதை அழுத்தினால் ஒருமுறை திருப்பிக் கேட்கட்டும். தரையில் இறங்கிக் கையுறையைக் கழற்றியபின் விரலால் அழுத்திக்கொள்வார்கள்.

7. வரும் திங்கள் முதல் செயலி கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை செய்யும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பொத்தான்களைத் திருத்தும்வரை தயவுசெய்து அந்தத் தாமதத்தை மட்டும் சரிசெய்துவிடாதீர்கள், ஐயா. என் கணவரை இப்போதைக்கு அதுதான் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தங்கள் பதிலை ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
லைன்மேனின் மனைவி

இடம்: மின் ஊழியர் குடியிருப்பு
நாள்: இம்மாதம் 11, வியாழன்