நடுவில் நின்றவர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலம் விசாரிப்பை இந்த முறை கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கல்லூரியில் பாடம் எடுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. என் குரல் இன்னும் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. "மிஸ், போர்டுக்கு மட்டுந்தான் பாடமா?" என்று கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பாடம், செயலுறு அணுக்கரு மின்சுமை; அதாவது கருவின் இழுப்பு ஓர் எலக்ட்ரானை உண்மையில் எவ்வளவு எட்டுகிறது என்பது. சோடியம் அணுவை வரைந்தேன். கருவில் பதினொரு புரோட்டான், வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். வெளியே போகப் போகக் கருவின் மின்சுமை குறைந்துவிடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதே பெண் எழுந்து, "அப்ப புரோட்டானெல்லாம் எங்க மிஸ் போச்சு?" என்றாள்.

எங்கேயும் போகவில்லை. பதினொன்றும் அங்கேயேதான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்கள் நடுவில் நின்று மறைப்பதால், வெளியே இருப்பதை எட்டுகிற இழுப்பு இரண்டு புரோட்டானின் அளவுக்குச் சற்று மேல்தான். அதனால்தான் அது சுலபமாகக் கழன்றுபோகிறது, அணு அயனியாகிறது. என் தப்புதான் என்று சொல்லி, அழித்துத் திருத்தினேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, "அவருக்கு என்மேல பாசம் ஒண்ணுமே இல்ல" என்று நீ சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாக, அப்பாவின் லேத் பட்டறைக்கு விடுமுறையான நாளில் நான் உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அவர் பக்கத்தில் வந்து நிற்பார். "அன்னிக்கு நான் அவன அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னு எழுதும்மா" என்பார். பழசைக் கிளறாதே, அப்பா விசாரித்தார் என்று மட்டும் எழுது என்பாள் அம்மா. நான் அதையும் சுருக்கி, 'வீட்டில் அனைவரும் நலம்' என்று முடித்துவிடுவேன். உனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. அப்பாவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் எழுத்து தெரிவதில்லை. அந்த வலது கண்ணுக்கு வருகிற இருபதாம் தேதி காலை ஆபரேஷன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அம்மா, அப்பா இல்லை. அவர் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் எழுதுகிறேன்: "அவன் வந்தா அவன் கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள போறேன். வரலேன்னாலும் கோவமில்லன்னு சொல்லு."

நீ நலமாக இருக்க வேண்டும். பதிலை அப்பா பெயருக்கே எழுது, நான் பிரிக்கமாட்டேன். அவரால் படிக்க முடியாது. நீயே வந்து படித்துக் காட்டு.

உன் தங்கை