புதுக் கேமரா

என் வீட்டுக்காரருக்கு,

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மங்கலான வெளிச்சத்திலும் முகம் தெளிவாக விழுமாமே.

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் மேல் மண் சரிந்த அன்று, என் தங்கை ஆனந்தியைத் தோண்டியெடுத்துப் பாயில் கிடத்தினார்கள். அவள் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கிட்டே வந்தீர்கள். என்னைத் தாங்கிப் பிடிக்கத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு புள்ள, மொகத்துல வெளிச்சம் விழல” என்றீர்கள்.

நானும் திரும்பினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் படத்துக்குக் கொச்சியில் பரிசு கொடுத்தார்கள். அதைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து அம்மா உங்கள் பேரையே எடுப்பதில்லை. இப்போது அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள்.

புதிதையே வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பார்க்க வருவதானால் மட்டும் வெறுங்கையோடு வாருங்கள்.

இன்னும் உங்கள் மனைவியாக இருப்பவள்