நான் எழுதிய சுழியம்

ஐப்பசி, புதன் இரவு

இதை நான்தான் செய்தேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

தம்பி மகள் மலர் தன் ஆராய்ச்சிக்காகச் செய்த மெல்லிய கண்ணாடிப் படலத்தை ஊருக்குக் கொண்டுவந்திருந்தாள். மதியம் படகுத் தார்ப்பாயால் சன்னலை மூடினோம். படலத்தைக் காந்தத்துக்கு நடுவே வைத்து லேசர் ஒளியைச் செலுத்தினாள். ஒளி அதிரும் தளம் எத்தனை பாகை திரும்புகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. நேராகப் போனபோது நான்கு. எதிரே வைத்த முகக்கண்ணாடியில் பட்டு அதே வழியில் திரும்பி வந்தபோது எட்டு.

வேதியியல் ஆசிரியராகச் சர்க்கரைக் கரைசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போகும்போது திரும்பிய தளம், வரும்போது பழைய நிலைக்கே வந்துவிடும். என் கண்தான் பிசகியது என்று நினைத்து, எட்டுக்குப் பதில் சுழியம் என்று எழுதினேன்.

மலர் நோட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"காந்தத்தால திரும்பினா வரும்போது ரெட்டிப்பாவணும் பெரிப்பா. அப்பத்தான் வெளிச்சம் மறுபடி லேசருக்குள்ள போகாம தடுக்கலாம். இது வேஸ்ட்டு. ஆராய்ச்சியையே விட்டுடறேன்னு நாளைக்கு கைடு சார்கிட்ட சொல்லிடறேன்."

"இன்னாம்மே, இத்தினியூண்டு கண்ணாடிக்கா அழுவுற? இன்னொருக்கா பாரேன்," என்றான் தம்பி.

"வேணாம் நைனா. பெரிப்பா எழுதினா தப்பாவாது."

நோட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். பார்த்ததை விட்டுவிட்டு, தெரிந்ததை எழுதியிருக்கிறேன். மாணவர்களிடம் நான் ஒருபோதும் மன்னிக்காத குற்றம் அது.

விடிந்தால் பொன்னேரி பஸ் ஏறிவிடுவாள். கூடத்தில் பை அடுக்கும் சத்தம் கேட்கிறது. நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. சுழியத்தை அடித்து, எட்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

"மலரு" என்று கூப்பிட்டுவிட்டேன். வருகிறாள்.