பஞ்சலிங்கம் சேரின் கருவி

04.03.1986, செவ்வாய்

பஞ்சலிங்கம் சேர் இன்று வந்தவர்களுக்கு மேசையில் இருந்த பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இது நான் செய்த மடக்கை விரியலாக்கி, லொக் அம்ப்ளிஃபையர்." செய்தது நான். கிணற்றுநீரைச் சோதிக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு அவர் தலைவர். நான் ஆறு மாதத் தற்காலிக உதவியாள். ஒருவர், "மடக்கை ஏன்?" என்று கேட்டார். சேர் இருமினார். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார்.

05.03

அவர் இருமி விழுங்கிய பதிலை நான் எழுதி வைக்கிறேன். தோட்டத்து உரத்தால் கிணற்றில் இறங்கும் நைத்திரேற்று கைக்குழந்தையை நீலம் பாரிக்க வைக்கும். அது உள்ள தண்ணீரில் மருந்து விட்டால், கூடக்கூடச் சிவக்கும். அதனூடாக ஒளியை விட்டால், மறுபக்க உணரியில் மின்னோட்டம் குறையும் — பத்திலொன்றாய், நூறிலொன்றாய். சாதாரண மீற்றரில் பாதிக் கிணறுகள் அளவுகோலின் அடியிலேயே நெரிபடும். மடக்கை விரியலாக்கியின் பின்னூட்டத்தில் தடைக்குப் பதில் ஒரு திரான்சிஸ்டர். மின்னோட்டம் பத்து மடங்கு மாறும் ஒவ்வொரு தடவையும் வோல்ற்றளவு ஒரே அளவால், ஏறத்தாழ அறுபது மில்லிவோல்ற், மாறும். எல்லாக் கிணறுகளும் ஒரே அளவுகோலுக்குள் அடங்கும். சத்தத்தை அளப்பதற்கும் வானொலிச் சமிக்ஞையின் பலத்தை அளப்பதற்கும் இதே சுற்றுத்தான்.

ஒரு கரைச்சல்: சூடு மாறினால் முள் பொய் சொல்லும். அதனால் இரண்டு திரான்சிஸ்டர். ஒன்றின் பிழையை மற்றது கழிக்கும், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால். டவுனில் றேடியோ திருத்தும் சூசைதாசன் அண்ணையின் கடையில் ஒத்த சோடி தேடி இரண்டு மணித்தியாலம் இருந்தேன். "தங்கச்சி சாதகப் பொருத்தம் பாக்கிறா" என்றார். இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிச் செப்புக் கம்பியால் கட்டியிருக்கிறேன்.

11.03

நிரந்தர நியமனத்துக்குச் சேர் என் பெயரை அனுப்பப் போகிறாராம். "வாய் காட்டாத பிள்ளை" என்றார். நான் படித்த பௌதிகம் அவருக்குப் பெரிய தகைமையில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அம்மா நியமனக் கதையை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டா.

18.03, செவ்வாய்

அளவெட்டி. இராசமலர் அக்கா வீட்டுக் கிணறு. அவவின் கையில் இரண்டு மாதக் குழந்தை. புட்டிப்பால் கரைப்பது இந்தத் தண்ணீரில். வேடிக்கை பார்க்க ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர். சேருக்கு அது போதும் — வெயிலில் பெட்டியின் மூடியைக் கழற்றி, "உள்ளுக்கை பாருங்கோ" என்றார். நானும் பார்த்தேன். செப்புக் கம்பி இல்லை. திரான்சிஸ்டர்கள் விலகி நின்றன, ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். கம்பி அவலட்சணமாக இருந்ததாம், நேற்றுக் கழற்றிவிட்டாராம்.

முள் நல்ல தண்ணீர் என்றது.

இராசமலர் அக்கா மருந்து விட்ட சோதனைக் குழாயை எட்டிப் பார்த்தா. "செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்தெல்லோ கிடக்கு, சேர்?"

"கண்ணை நம்பப்படாது அம்மா, கருவியை நம்போணும். பிள்ளைக்குத் தாராளமாய்க் குடுங்கோ."

என்ன மனுசன் இந்தாள். நான் மட்டும் என்ன? தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். வேலை போயிடுமெண்ட பயம். அரை நிமிசமோ, ஒரு நிமிசமோ — அந்தக் குழந்தை கை சூப்பிக்கொண்டு என்னையே பாத்துது.

"சேர், முள்ளு பிழை" எண்டன். ஆருக்கும் கேக்கேல்லை. திரும்பவும் சொன்னன்.

பெட்டியை நிழலுக்கு இழுத்து, இரண்டையும் ஒட்டி என் தலைமயிர்க் கிளிப்பால் இறுக்கி, எல்லோரையும் பத்து நிமிடம் காக்க வைத்தேன். முள் மெதுவாக மறுபக்கம் போய் நின்றது.

"அக்கா, குழந்தைக்கு இது வேண்டாம். கொதிக்க வைச்சாலும் போகாது."

"பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிட்டுது" என்றார் சேர், என்னைக் காட்டி. நான்கு பெரியவர்களும் சிரித்தார்கள். இராசமலர் அக்கா சிரிக்கவில்லை.

19.03

சேர் கதைக்கவில்லை. நிம்மதி.

27.03

நியமனத்துக்குப் போன பெயர் அவருடைய மச்சாளின் மகளுடையது. அவளுக்கு இருமவாவது தெரிந்தால் சரி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

08.04, செவ்வாய்

காலையில் ஆய்வுகூட வாசலில் இராசமலர் அக்காவும் ஆறு பெண்களும், ஆளுக்கொரு போத்தல் தண்ணீரோடு. சேர் கையை நீட்டினார். அக்கா போத்தலைப் பின்னால் எடுத்தா.

"அந்தப் பிள்ளை பாக்கட்டும், சேர்."

மாத முடிவோடு என்னை நிறுத்துகிறார்கள். அதற்குள் அவர்களின் ஒழுங்கையில் உள்ள எல்லாக் கிணறுகளையும் பார்த்து முடித்துவிடலாம்.