நனையாத படுக்கை

டிசம்பர் 3, செவ்வாய்

விடியவே மழை. கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை. குசினிக்குள் கயிறு கட்டி இவர் உடுக்கிற சாரம், விரிப்பு எல்லாம் அடுப்புச் சூட்டில். வீடு முழுக்கப் புகையும் மூத்திர மணமும்.

மணம் இவருடையது மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அலுமாரிக்குக் கீழே கூட்டப் போனால் ஒரு குளம். விதானையாரின் வேலை.

ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரைப் போலக் கேட்டுக் கேள்வியில்லாமல் எல்லார் வீட்டுக் குசினிக்குள்ளும் போய்வருகிற பூனை என்பதால் இவர் வைத்த பெயர் அது. மீள்குடியேறி வந்த அடுத்த வருடம் தகரங்களுக்கு நடுவே கிடந்த குட்டி. இப்போது ஊரிலேயே கிழட்டுப் பூனை. இத்தனை வருடத்தில் வாழையடி மண்ணைத் தவிர வேறெங்கும் வெளிக்கு இருந்ததில்லை. கிண்டி, இருந்து, மூடிவிட்டு வருகிற கண்ணியவான். மழைக்குப் பயந்து உள்ளே இருக்கத் தொடங்கியிருக்கிறார் போல.

நல்ல ஏச்சு கொடுத்தேன். இவருடைய கட்டிலடியில் நின்றுதான்.

“வயது போனா அடக்கவும் தெரியாதோ? எத்தினை தரம் கழுவுறது நான்? கழுவிக் கழுவி என்ர கையெல்லாம் அழுகிப்போச்சு!”

வகுப்பறையில் காலமெல்லாம் கத்திய தொண்டை. றோட்டுக்கும் கேட்டிருக்கும். பூனை கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. இவர் கூரையைப் பார்த்தபடி.

பாரிசவாதம் வந்து இவருக்கு இது இரண்டாவது மாரி. வலது பக்கம் இல்லை. வாயில் மிஞ்சிய ஒரே சொல் “போதும்”. சோற்றுக்கும் அதுதான், நோவுக்கும் அதுதான், ரேடியோவை நிறுத்தவும் அதுதான்.

வாங்க: சவர்க்காரம், பினாயில், தீப்பெட்டி, இவருடைய பிறசர் குளிசை.

டிசம்பர் 5, வியாழன்

மழை விடவில்லை. ஊர்க் குளம் நிரம்பி வான் பாய்கிறதாம்.

கட்டிலின் கால்மாட்டில்தான் பூனை படுப்பது. இன்று அங்கேயே நனைத்திருக்கிறது. இவரும் நனைத்திருக்கிறார். எது யாருடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் உருவிச் சேர்த்துத் தோய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சோப்பு எரிகிறது.

பூனை குடிக்கிற தண்ணீர்! வாளிக்குள் தலையை விட்டால் எடுப்பதில்லை. வயல் உழுதுவிட்டு வந்தது போல.

பக்கத்து வீட்டு மலர் தேங்காய்த் துருவியை இரவல் வாங்க வந்தவள், மூக்கைப் பொத்தினாள்.

“ரீச்சர், இது இனித் திருந்தாது. உரப்பையில போட்டுக் கட்டி சந்தையடியில விட்டிட்டு வாங்கோ. மீன் தலை கிடக்கும், பிழைச்சுக்கொள்ளும்.”

“ஓமடி, அதைத்தான் செய்யவேணும். வீட்டை நாறடிக்கிறதுகளை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?”

சொன்னது வாய்தான். நான் பை தேடவும் இல்லை, தேடப்போவதும் இல்லை. அலுப்பு. குனிந்து குனிந்து நாரி முறிகிறது.

ஒரு யோசனை மட்டும் செய்தேன். பின்னேரத்துக்குப் பிறகு பூனைக்குத் தண்ணீர் இல்லை. வாளி, குடம், சட்டி எல்லாவற்றுக்கும் மூடி. இவருடைய கட்டில் கிடக்கிற ஹோலில் நின்று மூடியைப் போடும்போதும் சும்மா போடவில்லை. “குடிச்சாத்தானே போகும். குடியாதை!”

டிசம்பர் 7, சனி

கொஞ்சம் வெயில். தலையணையைக் காயவிட்டேன்.

இவருடைய விரிப்பு நேற்றும் நனையவில்லை, இன்றும் நனையவில்லை. கடவுள் இப்போதாவது கண்ணைத் திறந்தார்.

மகள் சுபா வவுனியாவில் இருந்து போன் எடுத்தாள். “அப்பா எப்பிடியம்மா?” “நல்ல முன்னேற்றம் பிள்ளை. படுக்கை நனைக்கிறதே இல்லை. கிளினிக்கில சொல்லித்தந்த பயிற்சி பிடிச்சிருக்குப் போல” என்று பெருமையாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு இவருடைய தலையைத் தடவி, “கெட்டிக்காரன்” என்றேன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல. கண்ணை மூடிக்கொண்டார்.

தேத்தண்ணீர் அரைக் கோப்பையோடு “போதும்”. சீனி கூடிவிட்டதோ?

எத்தனையோ நாளைக்குப் பிறகு மத்தியானம் படுத்து நித்திரை கொண்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

பூனை சாப்பிடவில்லை. சூடை மீன் தலை வைத்தேன், முகர்ந்துவிட்டுப் போகிறது. கண் குழி விழுந்துவிட்டது. வாயில் ஒரு கெட்ட மணம். குசினி மூலையில் குந்துகிறது, எழும்புகிறது, பிறகும் குந்துகிறது. வருவது சொட்டுத்தான். இன்று ஏசவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

கட்டிலில் ஏற முடியாமல் விரிப்பைப் பிராண்டியது. தூக்கி விட்டேன். பஞ்சு போல ஒரு பாரம். இவர் இடக்கையால் அதைத் தடவிக்கொண்டே கிடந்தார்.

இவருக்கும் சோறு இறங்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. பனிக்குளிர்தான். தேங்காய் எண்ணெய் பூசினேன்.

வீடு நாறவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

டிசம்பர் 10, செவ்வாய்

மலரை இவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, பூனையை மரக்கறிக் கூடையில் வைத்து ஓட்டோவில் மிருக வைத்தியரிடம். கூடைக்கு மேல் துணியைக் கட்டும்போது இவர் கட்டிலில் கிடந்து பெரிய சத்தம். “போதும்! போதும்!” இடக்கையால் கட்டில் சட்டத்தில் அடி. “மருந்து எடுக்கத்தான் கொண்டுபோறன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓட்டோக்காரன் ஹோன் அடித்தபடி நின்றான்.

டொக்டர் சின்னப் பெண். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டார்.

“விட்ட உடனை தோல் திரும்பிப் போகவேணும் அம்மா. பாருங்கோ, அப்பிடியே நிக்குது. தண்ணி வைக்கிறேல்லையோ?”

“நனைக்குது எண்டு பின்னேரத்தில நிப்பாட்டினனான்.”

ஏசியிருந்தால் பரவாயில்லை. பொறுமையாகச் சொன்னார். “வயசு போக சிறுநீரகம் பழுதாகும். அதாலதான் கனக்கக் குடிக்கும், கனக்கப் போகும். இது குழப்படி இல்லை அம்மா, வருத்தம். தண்ணியை நிப்பாட்டினா நஞ்சு உடம்புக்குள்ளயே நிக்கும்.” மூட்டிலும் நோவாம். வாசல்படி தாண்டி வாழையடிக்குப் போகவே அதற்கு ஏலாதாம். மழைக்குப் பயம் என்று நான்தான் நினைத்தேன். தோலுக்கடியில் சேலைன் ஏற்றினார். “மாறாது. நோவில்லாமல் வச்சிருக்கப் பாப்பம். தட்டத்தில மண் போட்டு கிட்டவா வையுங்கோ. தண்ணி நாலு இடத்தில வையுங்கோ.”

திரும்பி வர மலர் படலையிலேயே நின்றாள்.

“ஐயா ஒரு சொட்டும் குடிக்கேல்லை ரீச்சர். கரண்டியால பருக்கினாலும் பல்லைக் கடிக்கிறார். நேற்று நீங்கள் கிணத்தடியில நிக்கேக்க தேத்தண்ணியைச் சன்னலுக்கால ஊத்தினவர். சூடாயிருக்கும் எண்டு நினைச்சன்.”

கூடையை வைத்துவிட்டு இவருடைய கையைப் பிடித்தேன். புறங்கைத் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டேன்.

அப்படியே நின்றது.

டிசம்பர் 11, புதன்

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. இவருக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. சலத்தில் கிருமி. மூத்திரக் குழாய் போட்டிருக்கிறார்கள். பையில் இறங்குவது கடும் சாயத் தேத்தண்ணீர் நிறத்தில், அதுவும் அடியில் கொஞ்சம்.

“வீட்டில ஆர் பாக்கிறது?”

“நான்தான் டொக்டர்.”

“தண்ணி குடுக்கிறேல்லையோ?”

நேற்றும் இதே கேள்வி.

சுபா நாளைக்கு வருகிறாள். பெருமையடித்த வாயால் அவளுக்கு என்ன சொல்ல?

மலரிடம் சொல்லிவிட்டு வந்தது: பூனைக்குத் தண்ணீர், நாலு இடத்தில். மண் தட்டம் கட்டிலடியில். ஏசக் கூடாது.

டிசம்பர் 13, வெள்ளி

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கண் திறந்து என்னை அடையாளம் கண்டார். கோப்பையை வாயடிக்குக் கொண்டுபோனேன். உதடு படமுன்னமே “போதும்”.

“இஞ்சருங்கோ, ஏன் குடிக்கிறியளில்லை? ஏன்?”

இடக்கையால் விரிப்பின் நுனியைப் பிடித்து முறுக்கினார், துணி பிழிவது போல. பிறகு என் கையை எடுத்துத் திருப்பி, வெடித்த விரல் இடுக்குகளை எனக்கே காட்டினார்.

“நான் பூனையையல்லோ ஏசினனான்!”

வாட்டுக்கே கேட்கக் கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். வெட்கம் கெட்டு அழுதேன்.

ஒரே அறை, ஒரே விரிப்பு, ஒரே ஈரம். ஏச்சு மட்டும் பூனைக்கு என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவையாவது பேர் சொல்லி ஏசினேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. உரப்பைக் கதையும் கேட்டுக்கொண்டுதானே கிடந்தார்.

“உங்களை எங்கையும் அனுப்பமாட்டன்” என்றேன். சொன்ன பிறகுதான், அப்படியும் நினைத்துக்கொண்டு கிடந்திருப்பார் என்பது எனக்கே உறைத்தது.

சிறுநீரகமும் கொஞ்சம் பழுதுபட்டிருக்கிறதாம். குடித்தால்தான் தப்புமாம். குடிக்கவில்லை. சேலைன் ஓடுகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

சுபாவின் சோறு. கத்தரிக்காய்க்கு உப்பில்லை. என்னோடு அவள் அதிகம் கதைக்கவில்லை.

மலர் போன் எடுத்தாள். விதானையார் செத்துப்போனார். வெறுங்கட்டிலுக்குக் கீழே, தண்ணீர்ச் சட்டியடியில் கிடந்ததாம்.

“வாழையடியில கிண்டித் தாட்டிட்டம் ரீச்சர். வேற ஒண்டும் கிடைக்கேல்லை, உரப்பையில சுத்தித்தான்…”

கடைசியில் அந்தப் பைதான்.

இவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்க் காலடியில் தேடுவார், சந்தையடியில் விட்டுவிட்டேன் என்று நினைப்பார். சொன்னாலும் அதைத்தான் நினைப்பார்.

டிசம்பர் 16, திங்கள்

வெளியே வெயில். குழாயை எடுத்துவிட்டார்கள். இனித் தானாகப் போக வேண்டும், அதற்குக் குடிக்க வேண்டும்.

பின்னேரம் விரலால் தன் கன்னத்தில் மீசை இழுத்துக் காட்டினார். பூனை எங்கே?

“செத்துப்போச்சு. வருத்தத்திலதான். வேணுமெண்டா மலரைக் கேளுங்கோ.”

மலரை ஏன் இழுத்தேன்? என் சொல் மட்டும் காணாது என்று எனக்கே தெரிகிறது.

என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தானாகவே கோப்பைக்குக் கை நீட்டினார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். இன்னொன்று வார்த்தேன். அதையும். “பாருங்கோ, ஐயா இண்டைக்கு நல்ல பிள்ளை” என்று தாதி மிஸ் சிரித்துவிட்டுப் போனார்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். குடித்து முடியும்வரை அந்தக் கண் என் முகத்தை விட்டு எடுபடவில்லை. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். பிரம்பைப் பார்த்தபடி பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் கண்.

இப்போது விரிப்பு நனைந்திருக்கிறது. “நல்லது, நல்லது” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஈரத்தின் மேல் இடக்கையை விரித்து மூடி வைத்திருக்கிறார். கையை எடுங்கோ, மாத்துவம் என்கிறேன். எடுக்கிறார் இல்லை.