ஒரே மசோதா, இரண்டு டாலிஃப்சன்கள்

ஹெலினா நகரம்,
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்; குளிர்தான் எலும்பைத் துளைக்கிறது.

வாய்க்கால் மதகுகளுக்கெல்லாம் நீர்மானி பொருத்தச் சொல்லும் மசோதா நேற்று சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தது. எங்கள் பாசனச் சங்கம் அதற்கு எதிர்ப்பு. சம்பளம் வாங்குகிறேனே, எதிர்ப்பாளர் வரிசையில் நின்று, வழக்கப்படி பதிவேட்டுக்காகப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். குழுத் தலைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"டாலிஃப்சனா? ஆதரிச்சு ஒரு டாலிஃப்சன் கடுதாசி போட்டிருக்காரே. கடைமடைக்குத் தண்ணியே வரலைன்னு நாலு பக்கம் திட்டியிருக்காரு. அவரு யாரும்மா?"

"எங்க அப்பா."

அறையே சிரித்தது. "ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதான் சாப்பிடுறீங்களா?" என்றார் தலைவி.

"நான் இங்க வந்த ஜனவரியிலேர்ந்து அவரு தனியாத்தான் சாப்பிடுறாரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

குழு வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சங்கத்தில் என்னோடு பேச்சைக் குறைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆபத்தில்லை.

கம்பளிக் காலுறையும் காட்டுச்செர்ரி ஜாமும் அனுப்புங்கள். சின்ன பாட்டில் போதும், ஒரு ஆள்தானே.

இதோ, அடுத்த விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். இனி வரப்போகும் வேலி மசோதாவில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்கு முதலில் எழுதுங்கள், அப்புறம் அவர்களுக்கு.

உங்கள் மகள்,
மார்னி